சித்தப்பாவின் மூன்று வருட வியாபாரம்

அந்தக் கொப்பிக்கு நீல மட்டை. மூலைகள் மடங்கி, முதுகில் பழுப்பு நிற டேப் ஒட்டியிருந்தது. உள்ளே பக்கத்துக்கு ஒரு மனிதர். மேலே பெயர், கீழே வருடத்துக்கு ஒரு வரி. "பிறந்தார்." "தந்தையின் பண்ணையில் வேலை." "முதன்முறையாகக் குழுவில் சேர்ந்தார்." "நன்றாக ஆடினார்." "தோள் மூட்டு விலகியது. ஆடவில்லை." "ஆடவில்லை." "திரும்பி வந்தார்." "ஓய்வு. உழவு இயந்திரம் விற்கும் கடை." இப்படி முப்பது நாற்பது வரிகளில் ஒரு வாழ்க்கை முடிந்துவிடும். எழுதியவர் என் சித்தப்பா. எழுதப்பட்டவர்கள் அவர் ஒருநாளும் கண்டிராத அமெரிக்க பேஸ்போல் ஆட்டக்காரர்கள். லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டின் மேல் அறையில், சித்தப்பாவின் கட்டிலுக்குக் கீழே இப்படி ஒன்பது கொப்பிகள் இருந்தன.

பேஸ்போல் எப்படி ஆடுவது என்று கேட்டால் அவருக்குச் சரியாகத் தெரியாது. "எங்கடை எல்லே மாதிரித்தான் பிள்ளை. பந்தை அடிச்சுப்போட்டு ஓட வேணும்," என்று பேச்சை முடித்துவிடுவார். இலங்கையில், ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் எல்லே என்ற அந்த மட்டைப்பந்து விளையாடியதோடு அவருடைய விளையாட்டு அறிவு நின்றுவிட்டது. ஆட்டத்தில் அவருக்கு அக்கறையில்லை. ஆடியவர் எந்த வருடம் என்ன ஆனார் என்பதில்தான் அக்கறை. ஒன்பதில் நான்கு கொப்பி பேஸ்போல். மூன்று கொப்பிகளில் விண்வெளிக் கதைகளில் வரும் ஆட்கள். இன்னும் பிறக்காத விண்கலத் தலைவர்களுக்கெல்லாம் பிறந்த வருடம் எழுதி வைத்திருந்தார். அவர்களில் ஒருவர் பனிப்பெட்டிக்குள் இருநூறு வருடம் தூங்கிக்கொண்டே வேறொரு சூரியனுக்குப் போகிறார். வருடத்துக்கு ஒரு வரி என்ற தன் சட்டத்தை மீற மனமில்லாமல் சித்தப்பா "நித்திரை", "நித்திரை" என்று ஏழு பக்கம் எழுதியிருந்தார். மிச்சம் இரண்டு கொப்பிகளில் பழைய காலம். யாழ்ப்பாணத்து அரசர்கள், ஒல்லாந்தர் காலத்து அதிகாரிகளான முதலிமார். அவற்றில் அடிக்கடி வரும் வரி "தகவல் இல்லை" என்பது. சின்ன வயதில் அந்த நித்திரைப் பக்கங்களைப் புரட்டிப் புரட்டி நான் சிரித்திருக்கிறேன். இந்த மனுஷனுக்கு வேறு வேலை இல்லையா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பல வருடங்களுக்கு முன்பே எனக்கு உண்மை தெரிந்திருக்கும்.

சித்தப்பாவும் சித்தியும் ஊரிலிருந்து வந்து எங்கள் மேல் அறையில் குடியேறியபோது எனக்குப் பத்து வயது. அவர்களுடைய விசா வழக்கு முடிய மூன்று வருடம் எடுத்தது. அது பெரியவர்களின் பேச்சு. வக்கீல் என்றும் அப்பீல் என்றும் சமையலறையில் கதைப்பார்கள், நான் போனால் நிறுத்திவிடுவார்கள். எனக்கு விளங்கியது காலைகள் மட்டும்தான். எட்டரைக்குச் சித்தப்பா இஸ்திரி போட்ட சேட்டும் கறுப்புத் தோல் பையுமாக என்னோடு சேர்ந்து வாசலைத் தாண்டுவார். நான் இடப்பக்கம் பள்ளிக்கூடத்துக்கு, அவர் வலப்பக்கம். சித்தப்பா எங்கே போகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். "வியாபாரத்துக்கு," என்றார் அம்மா. சித்தியிடம் கேட்டாலும் அதே பதில், கொஞ்சம் அவசரமாக. வகுப்பில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது என் சித்தப்பா ஒரு வியாபாரி என்று பெருமையாக எழுதினேன். என்ன விற்கிறார் என்று ஆசிரியை கேட்டார். அவருடைய பைக்குள் நான் பார்த்திருந்தது ஒன்றுதான், அதனால் கொப்பி விற்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

வழக்கு ஒருவழியாகச் சாதகமாக முடிந்தது. அவர்கள் இரண்டு தெரு தள்ளி ஒரு பிளாட்டுக்குப் போனார்கள். சித்தப்பா ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்டுக்குச் சேர்ந்தார். சித்திக்கு முதியோர் இல்லம் ஒன்றில் பகல் வேலை. ஒருவர் வீட்டுக்குள் வர மற்றவர் வெளியே போவார். ஒன்பது வருடம் இருவரும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் துண்டுக் காகிதம் ஒட்டித்தான் குடும்பம் நடத்தினார்கள் என்று சொன்னால் அது பெரிய மிகையில்லை. "புட்டு இருக்கு." "பிரஷர் குளிசை எடுத்தனீங்களோ?" "எடுத்தனான்." இப்படி ஒரு கதவு நிறைய இருக்கும். வியாபாரம் என்ன ஆனது என்று நானும் கேட்கவில்லை. நட்டத்தில் போயிருக்கும், பாவம், கிளறக்கூடாது என்று எனக்குள் ஒரு முடிவு.

இதற்கிடையில் சித்தப்பாவுக்கு எங்கள் சனத்திடையே ஒரு பெயர் ஏற்பட்டிருந்தது. யாராவது செத்துப்போனால் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் அடிப்பது எங்கள் வழக்கம். கல்வெட்டு என்போம். முன்னால் படம், உள்ளே பதிகங்கள், அப்புறம் இறந்தவரின் வாழ்க்கைச் சுருக்கம். அந்தச் சுருக்கத்தை எழுதுவதற்கு ஈஸ்ட் ஹாமிலிருந்தும் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்தும் ஆட்கள் சித்தப்பாவைத் தேடி வருவார்கள். கொப்பியில் கறாராக எழுதுகிற மனுஷன் கல்வெட்டில் வேறு ஆளாகிவிடுவார். கல்வெட்டில் வெற்றிடம் விடுகிற பழக்கம் கிடையாது. வேலையில்லாமல் அலைந்த வருடங்கள் "சிறிது காலம் சொந்த வியாபாரத்தில் ஈடுபட்டார்" என்று ஆகும். குடித்துக் கெட்ட வருடங்கள் "நண்பர்கள் வட்டத்தில் பெரிதும் நேசிக்கப்பட்டார்" என்று ஆகும். மனைவியோடு பேச்சுவார்த்தை இல்லாத இருபது வருடத்தை "இனிய இல்லறத்தில்" என்ற இரண்டே சொல்லால் அவர் தாண்டியதை நானே பார்த்திருக்கிறேன். எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவர்களுக்கும் தெரியும், யாரும் குறை சொல்வதில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது, பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் பராமரிப்பாளர் வேலை ஒன்று வந்தது. காலையில் கேற் திறப்பது, கொதிகலன் பார்ப்பது, உடைந்த கதிரை திருத்துவது, பின்னேரம் பூட்டுவது. ஊரில் தச்சு வேலையும் மின்சார வேலையும் செய்த மனிதர் சித்தப்பா. வீட்டிலிருந்து நடந்து ஐந்து நிமிடம். முக்கியமாகப் பகல் வேலை. சித்தி அந்த விளம்பரத்தை அச்செடுத்து, அதே குளிர்சாதனப் பெட்டியின் கதவில், மற்றத் துண்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு நடுவில் ஒட்டியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் இரவுச் சாப்பாடு சாப்பிடலாம். ஒன்பது வருடமாகக் கிடைக்காத ஒரு சங்கதி அது.

படிவத்தை நிரப்பும் பொறுப்பு என்னுடையது. சித்தப்பா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். பிள்ளைகள் இருக்கிற இடத்து வேலை என்பதால் படிப்பை முடித்த நாளிலிருந்து ஒரு மாதம்கூட விடாமல் எழுத வேண்டும், இடைவெளி இருந்தால் காரணம் சொல்ல வேண்டும். இன்று நான் கவுன்சிலில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் இருக்கிறேன், அப்படிப்பட்ட படிவங்களைப் படிப்பதே என் பிழைப்பு. அன்று அதன் கனம் எனக்குத் தெரியாது. ஊரில் செய்த வேலைகளைச் சொன்னார், எழுதினேன். லண்டன் வந்த வருடத்துக்கு வந்ததும் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மூண்டு வருசம் சொந்த வியாபாரத்திலை ஈடுபட்டனான் எண்டு போடு," என்றார். நான் மறுபேச்சில்லாமல் போட்டேன். நான்தானே அவர் தினமும் வியாபாரத்துக்குப் போவதைக் கண்ணால் பார்த்தவள். நேர்முகத்துக்குப் போனார், ஒரு கதவின் பிணைச்சலை அங்கேயே கழற்றிப் பூட்டிக் காட்டினார், எடுத்துக்கொண்டோம் என்று இரண்டு நாளில் சொல்லிவிட்டார்கள். வழமையான சரிபார்ப்பு மட்டும்தான் மிச்சம். சித்தி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

அடுத்த கிழமை பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மிகவும் மரியாதையான மின்னஞ்சல். அந்த மூன்று வருட வியாபாரத்தின் பெயர் என்ன, முகவரி என்ன, அதை உறுதிப்படுத்தக்கூடியவர் யார், வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும். அவருக்கு மின்னஞ்சல் கிடையாது, என்னுடையதைத்தான் கொடுத்திருந்தோம். நான் அவர்கள் பிளாட்டுக்குப் போனபோது அவர் வேலைக்குப் போகுமுன் சேட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். சின்ன விசயம், பதில் எழுதிப்போட்டுப் போறன் என்று நின்றபடியே கேட்டேன்.

"சித்தப்பா, உங்கடை கடைக்கு என்ன பேர் வைச்சிருந்தனீங்கள்?"

அவர் பொத்தானின் அடுத்த துளைக்குள் ஊசியை விட்டார்.

"பேர் மறந்துபோச்சோ? எந்த ரோட்டிலை இருந்தது எண்டாவது சொல்லுங்கோ."

"கடை ஒண்டும் இருக்கேல்லைப் பிள்ளை."

"அப்ப என்ன வியாபாரம்?"

"வியாபாரமே இல்லை. வழக்கு முடியுமட்டும் வேலை செய்ய அனுமதி தரேல்லை. நான் லைப்ரரியிலை இருந்தனான்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஊசியைப் பார்த்தபடியே சொன்னார். வேலையில்லாத ஆம்பிளை பகல் முழுக்க அண்ணன் வீட்டில் இருந்தால் அண்ணன் பிள்ளை என்ன நினைக்கும் என்று அவருக்கு வெட்கமாக இருந்ததாம். அதனால் தினமும் என் கண் முன்னாலேயே வெளியே போவது என்று வந்த முதல் கிழமையே முடிவு. நூலகம் சூடாக இருந்தது, காசு கேட்கவில்லை, ஏன் இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போய்விடுவார். யாரும் தொடாத மிகத் தடித்த புத்தகமாகப் பார்த்து எடுத்தது பேஸ்போல் ஆட்டக்காரர்களின் விவரத்திரட்டு. மெல்லிய புத்தகம் எடுத்தால் கெதியில் முடிந்துவிடும் என்ற ஒரே காரணம்தான். அதற்குப் பக்கத்துப் புத்தக இறாக்கையில் விண்வெளிக் கதைகள், அதற்குப் பிறகு சரித்திரம். ஆங்கிலமும் அங்கேதான் பழகினார். நான் சிரித்துப் புரட்டிய ஒன்பது கொப்பியும் அந்த மூன்று வருடம்தான்.

எனக்கு வந்தது இரக்கம் என்று சொன்னால் அது பொய். கோபம்தான் வந்தது. பத்து வயதில் என்னை ஏமாற்றினார்கள் என்ற கோபம், அந்தப் பொய்யை என் கையாலேயே படிவத்தில் தட்ட வைத்தார்களே என்ற பயம். அதற்குள் விசயம் ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணைக்குப் போய்விட்டது. சித்தப்பாவின் சிநேகிதர், உதவி என்றால் முன்னுக்கு நிற்கிற ஆள். அடுத்த நாளே கடையின் பெயர் அச்சடித்த தாளில், மூன்று வருடம் இவர் என்னோடு பங்காளியாக இருந்தார் என்று ஆங்கிலத்தில் எழுதி, முத்திரையும் குத்திக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இதிலை என்ன கிடக்கு. ஆரும் கேட்டா நான் ஓம் எண்டு சொல்லுறன்," என்றார். அவர் போன பிறகு அந்த உறையைச் சுற்றி நாங்கள் மூன்று பேரும் இருந்தோம்.

கடிதத்தைக் கொடுக்கக்கூடாது என்றேன். கண்டுபிடித்தால் இந்த வேலை மட்டுமில்லை, இனி எந்தப் பள்ளிக்கூடமும் வாசலில் ஏற்றாது என்றேன். உண்மையைச் சொன்னால் மட்டும் தருவார்களா என்று சித்தி கேட்டார். படிவத்தில் பொய் எழுதின ஆள் என்று இன்றைக்கே முடித்துவிட மாட்டார்களா? பதில் இல்லாத நேரத்தில் எனக்கு வாய் நீளும். கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு கொப்பியை இழுத்து எடுத்து அவர் முன்னால் போட்டேன்.

"ஆரெண்டே தெரியாத அமெரிக்கக்காரனுக்கு ஆடேல்லை எண்டு எழுதத் தெரியுது. உங்களுக்கு மட்டும் ஏன் வியாபாரம்?"

"அவையள் திரும்பி வந்து ஆடினவை பிள்ளை. அதாலை எழுதலாம்," என்றார் சித்தப்பா. "நான் எங்கை திரும்பி வந்தனான்?"

சித்தி என்னைப் பார்த்து, "காணும், நீ வீட்டை போ," என்றார். போய்விட்டேன். தெருமுனைக்கு வருமுன்பே சொன்னது தவறு என்று தெரிந்துவிட்டது. சொன்ன விசயத்தில் தவறில்லை, சொன்ன விதம் கேவலம். ஐம்பது வயது மனிதரின் முகத்துக்கு நேரே அவருடைய கொப்பியை எறிந்திருக்கிறேன். இரண்டு நாள் போன் எடுத்தேன், அவர் தூக்கவில்லை. கடிதத்தைக் கொடுத்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

வியாழன் பின்னேரம் எங்கள் வீட்டு மணி அடித்தது. சித்தப்பா நின்றார், இஸ்திரி போட்ட சேட்டு. கையில் ஒற்றைத் தாள். "இதை இங்கிலீசிலை மாத்தித் தா," என்று நீட்டினார். மேலே அவருடைய பெயர். கீழே வருடத்துக்கு ஒரு வரி. லண்டன் வந்த பிறகு அடுத்தடுத்து மூன்று வரி ஒரே மாதிரி: "வேலை செய்ய அனுமதி இல்லை. வேலை செய்யவில்லை. நூலகத்தில் வாசித்தார்." கொப்பி ஆட்களைப் போலவே தன்னைப் பற்றியும் அவர் "வாசித்தார்" என்றுதான் எழுதியிருந்தார், "வாசித்தேன்" என்றில்லை. அதற்கும் கீழே இன்னொரு வரி: "படிவத்தில் வியாபாரம் என்று எழுதியது தவறு." நான் அதை மாற்றித் தட்டும்போது என் முகத்தைக் கணினித் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். "நீ சொன்னது சரிதான், ஆனா கொப்பியை எறியாதை," என்றார். கடைக்காரரிடம் கடிதத்தை அவரே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்திருந்தார். கோபிப்பாரோ என்று பயந்து போனாராம். கடை அண்ணை உறையை வாங்கி இரண்டாகக் கிழித்துவிட்டு, "நல்லதாப் போச்சு. உதிலை கையெழுத்து வைச்ச நாள் துவங்கி எனக்கும் நித்திரை இல்லை," என்று சொல்லி ஒரு பை வெண்டிக்காய் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

வெள்ளி காலை துணைக்கு நானும் போனேன். தலைமை ஆசிரியை எங்களைத் தன் அறையில் இருக்கச் சொன்னார். பிள்ளைகள் வரைந்த மீன்கள் சுவர் முழுக்க. சித்தப்பா கலியாணத்துக்குப் போகிற கோட்டுப் போட்டு, வியர்த்துக்கொண்டு, தாளை இரண்டு கையாலும் கொடுத்தார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை. அந்த இரண்டாவது தடவையில் நான் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சித்தியின் குளிர்சாதனப் பெட்டிக் கதவு கண்ணுக்குள் வந்தது.

இதை நாங்களாகக் கண்டுபிடித்திருந்தால் உங்களுக்கு இந்த வேலையைத் தந்திருக்க என்னால் முடிந்திராது என்றார் அவர் முதலில். குரலில் கடுமை இருந்தது, அதை அவர் மறைக்கவுமில்லை. அனுமதியில்லாததால் வேலை செய்யவில்லை என்பது இடைவெளிக்குப் போதுமான காரணம், அதை முதலே எழுதியிருக்கலாமே என்றார். செத்தவர்களைப் பற்றி எழுதும் எங்கள் வழக்கத்தை நான் ஆங்கிலத்தில் விளக்கப் போய், பாதியில் எனக்கே அது நியாயமாகப் படாமல் நிறுத்திவிட்டேன். அந்த அம்மா படிவத்தை எடுத்து வியாபாரம் என்ற வரியைப் பேனாவால் வெட்டினார். அதற்கு மேலே புதிதாக ஒரு வரி எழுதிச் சித்தப்பாவைப் பக்கத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார். வழக்கு நடந்ததற்கான கடிதங்களின் பிரதி தந்தால் போதும், திங்கட்கிழமை ஏழரைக்கு வாருங்கள் என்றார். பேனாவை மூடிவிட்டு, மூன்று வருடம் என்ன வாசித்தீர்கள் என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஏன் வேலை செய்யவில்லை, எப்போது வழக்கு முடியும், இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள், நான் உட்பட. சித்தப்பாவுக்கு எங்கிருந்தோ ஆங்கிலம் வந்தது. தோள் மூட்டு விலகியவரைப் பற்றிச் சொன்னார், போருக்குப் போய் மூன்று வருடம் ஆடாதவரைப் பற்றிச் சொன்னார், பனிப்பெட்டிக்காரரின் ஏழு பக்க நித்திரையைச் சொன்னார். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடும் சத்தம் கேட்டது. எழுந்துகொண்டோம்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே பஸ் தரிப்பிடம். ஐந்து நிமிடத்தில் நடந்து வீட்டுக்குப் போயிருக்கலாம், ஆனால் சித்தப்பா அந்த இருக்கையில் போய் உட்கார்ந்தார். ஒரு பஸ் வந்து நின்று போனது. அடுத்ததும் போனது. சாரதிகளுக்கு வேண்டாம் என்று கைகாட்டுவது என் வேலையாகிவிட்டது. "அவ்வளவுதானோ?" என்று கேட்டார். "அவ்வளவுதான் சித்தப்பா," என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "அவ்வளவுதானோ?" என்றார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். என்னால் அந்த நேரத்து நிம்மதியை இப்போதும் உடம்பில் உணர முடியும். பசி பயங்கரமாக எடுத்தது.

வீட்டில் சித்தி லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார். செய்தியைக் கேட்டுக் கொஞ்சம் அழுதார், பிறகு தேத்தண்ணி போட்டார். சித்தப்பா தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி, "இனி கொக்காவுக்கும் சொல்லு," என்றார். கொக்கா என்றது சித்தியின் அக்காவை, அவர் யாழ்ப்பாணத்தில் தாயோடு இருந்தார். தங்கையின் புருஷன் லண்டனில் வியாபாரம் செய்கிறார் என்று அந்த மூன்று வருடமும் போனில் சொல்லிச் சமாளித்தவர் சித்தி. அந்தச் சொல்லை முதலில் கண்டுபிடித்ததே அவர்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அம்மா எனக்குச் சொன்னதும் அவர் சொல்லிக்கொடுத்ததே.

"இப்ப ஏன்? ஆர் கேட்டது?" என்றார் சித்தி.

"பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சது கொக்காவுக்குத் தெரியக்கூடாதோ?"

சித்தி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். புது வேலையைச் சொன்னார். அந்தப் பக்கம் சந்தோசம். பிறகு சுற்றி வளைத்து, மூச்சு வாங்கி, அக்கா, அந்த மூன்று வருடமும் இவருக்கு வியாபாரம் ஒன்றும் இருக்கவில்லை, நான் பொய் சொன்னேன் என்றார். போனில் பின்னால் ஒரு கோழி கத்தியது.

"அது எங்களுக்கு அப்பவே தெரியுமடி," என்றார் அக்கா. "இங்கை பின்னேரம் அஞ்சு மணிக்கு நாங்கள் போன் எடுத்தா உங்கை மத்தியானம். ஒவ்வொருக்காலும் அவர்தானே போன் தூக்கினவர். வியாபாரம் செய்யிற மனிசன் மத்தியானத்திலை வீட்டிலை நிண்டு என்ன செய்யிறார் எண்டு அம்மா அப்பவே கேட்டவ."

"பின்னை ஏன் நீ ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டா நீ அழுவாய். நாங்களும் ஊரிலை கேட்டவைக்கு வியாபாரம் எண்டே சொல்லிப்போட்டம்."

சித்தி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அழுகிறாரோ என்று பார்க்கக் குனிந்த சித்தப்பாவும் சிரித்தார். பன்னிரண்டு வருடமாக இந்தப் பக்கம் மறைத்ததை அந்தப் பக்கமும் சேர்ந்து மறைத்திருக்கிறது. பகலில், ஒரே மேசையில், இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்ததை நான் அதற்கு முன்பு பார்த்த ஞாபகம் இல்லை.

சித்தப்பா அந்தப் பள்ளிக்கூடத்தில் கடைசிவரை வேலை செய்து, போன வருடம் ஓய்வு பெற்றார். சித்தி இன்னும் வேலைக்குப் போகிறார். யாழ்ப்பாணத்து அக்காவுக்கு வயது போய்விட்டாலும் அந்த ஐந்து மணிப் பழக்கம் போகவில்லை. சென்ற கிழமை நான் சித்தப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மத்தியானம் போன் அடித்தது, சித்தப்பா தூக்கினார். என்ன, வேலைக்குப் போகேல்லையோ என்று அந்தப் பக்கம் வேண்டுமென்றே கேட்பது எனக்கும் கேட்டது.

"இல்லை மச்சாள். நான் சும்மாதான் வீட்டிலை நிக்கிறன்," என்றார் சித்தப்பா, மேல் பிளாட்காரருக்கும் கேட்கிற குரலில்.